வளாகத்தில் அவசர நிலை: முதல் பத்து நிமிடத்துக்கு ஊழியர்களைத் தயார் செய்வது எப்படி?

தாழ்வாரம்:
வணக்கம். பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் ஊழியர்களுக்கு அவசர காலப் பயிற்சி ஏற்பாடு செய்ய வேண்டும். ஏழு கட்டடம், இரண்டு விடுதி, ஒரு மெஸ். வேதியியல், பயோடெக் ஆய்வகங்கள், ஒரு ஒர்க்‌ஷாப். ஆசிரியர், லேப் அசிஸ்டன்ட், அட்டெண்டர், அலுவலக ஊழியர், செக்யூரிட்டி, தூய்மைப் பணியாளர் எல்லாருக்குமான பயிற்சி. கமிட்டி, சுற்றறிக்கை, கோப்பு எல்லாம் இருக்கிறது. தீயணைப்பு வண்டியோ 108-ஓ வந்து சேரும் வரை அந்த இடத்தில் நிற்கிற ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எதிலும் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

சாவிக்கொத்து:
பயிற்சிக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு எல்லாக் கட்டடத்தையும் நடந்து பாருங்க. பகல்ல திறந்து கிடக்கிற வழியெல்லாம் அப்போ பூட்டிக் கிடக்கும். ரெண்டு மாடிப்படி இருக்கிற கட்டடத்துல ஒண்ணுல கொலாப்சிபிள் கேட்டை இழுத்துப் பூட்டியிருப்பாங்க. காரணம் கேட்டா திருட்டு பயம்னு சொல்வாங்க. ஆனா மேல ரெண்டாவது மாடியில ஆராய்ச்சி மாணவர்கள் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இருப்பாங்க. அவங்களுக்கு இருக்கிறது ஒரே படி. புகை அந்தப் படி வழியாத்தான் மேல ஏறும், ஏன்னா படிக்கட்டுதான் கட்டடத்தோட புகைக்கூண்டு. 2004 ஜூலை 16 கும்பகோணத்தை நம்ம ஊர்ல யாரும் மறக்க முடியாது. 94 குழந்தைகள். குறுகலான ஒரு படி, வெளியே வர வேற வழி இல்லை.

திருட்டு பயத்துக்குத் தீர்வு பூட்டு இல்ல, புஷ் பார் கதவு. உள்ளே இருந்து தள்ளினா திறக்கும், வெளியே இருந்து திறக்காது. திறந்தா அலறுற மாதிரி ஒரு சின்ன அலாரமும் வைக்கலாம். அதுக்குப் பணம் ஒதுக்குற வரைக்கும், உள்ளே ஒரு ஆள் இருந்தாலும் ரெண்டு படியும் திறந்திருக்கணும்னு எழுத்துல உத்தரவு வாங்குங்க. மொட்டை மாடிக் கதவையும் பாருங்க. அதோட சாவி நாலு கட்டடம் தள்ளி ஒரு மேஜை டிராயர்ல இருந்தா அது இல்லாததுக்குச் சமம்.

அடுத்து தீயணைப்பு வண்டி வர்ற பாதை. நேஷனல் பில்டிங் கோடு சொல்றது, நுழைவாயில் 4.5 மீட்டர் அகலம், ஆர்ச் இருந்தா 5 மீட்டர் உயரம். ஆர்ச் கட்டும்போது சரியா இருக்கும். அப்புறம் ரோட்டை மூணு தடவை மேல மேல போட்டதுல உயரம் குறைஞ்சிருக்கும். டேப் வச்சு அளந்துதான் ஆகணும். அடுத்தது டூவீலர். கட்டடத்தைச் சுத்தி வண்டி திரும்புற இடத்துலதான் எல்லாரும் நிறுத்துவாங்க.

பேனல்போர்டு:
சாவிக்கொத்து சொன்னதோடு ஹைட்ரண்ட்டையும், அதாவது தீயணைக்கத் தண்ணீர் தரும் குழாய் அமைப்பையும், சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்புக் குழாய் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். மூன்று இடத்தில் அது ஏமாற்றும்.

முதலாவது, ஹோஸ் பெட்டி. உள்ளே ஹோஸ் சுருட்டி இருக்கும், முனையில் மாட்டுகிற பிராஞ்ச் பைப் இருக்காது. பித்தளை என்றால் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. கப்ளிங்கில் இருக்கும் ரப்பர் வாஷரும் காய்ந்து உதிர்ந்திருக்கும். அது இல்லாவிட்டால் இணைப்பிலேயே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முனையில் வேகம் இருக்காது.

இரண்டாவது, பம்ப் ரூமில் இருக்கும் செலக்டர் சுவிட்ச். ஆட்டோவில் இருக்க வேண்டும். லைனில் எங்கோ சிறு கசிவு இருக்கும், அழுத்தம் குறைந்துகொண்டே இருக்கும், அழுத்தத்தை ஈடுகட்டும் சின்ன ஜாக்கி பம்ப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். சத்தம் தாங்காமல் யாராவது மேனுவலில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு வால்வைத் திறந்தால் குழாயில் இருக்கும் தண்ணீர் மட்டும் வந்து நின்றுவிடும். மாதம் ஒரு நாள், கடைசி மாடியில் உள்ள ஹைட்ரண்ட்டைத் திறந்து பாருங்கள். பம்ப் தானாக ஓடத் தொடங்க வேண்டும். ஓடவில்லை என்றால் சுவிட்சை ஆட்டோவுக்கு மாற்றுவதோடு நிற்காமல் கசிவையும் தேடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி. கோடையில் விடுதிக்குத் தண்ணீர் பற்றாக்குறை வந்தால் ஃபயர் டேங்கிலிருந்து உறிஞ்சிவிடுவார்கள். வீட்டுத் தேவைக்கான குழாயை அந்தத் தொட்டியின் அடியிலிருந்து எடுக்காமல், தீயணைப்புக்கான அளவுக்கு மேலே எடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

குடுவை:
ஆய்வகப் பக்கம் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பான் என்றாலே ஏபிசி பவுடர் என்று எல்லா இடத்திலும் 6 கிலோ சிலிண்டரை மாட்டிவிடுகிறார்கள். பரவாயில்லை, பெரும்பாலான தீக்கு அது போதும். ஆனால் சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் வைத்திருக்கும் லேபில் உலோகத் தீக்குக் காய்ந்த மணல் வேண்டும், வாளியில், மூடி போட்டு. மூடி இல்லாத மணல் வாளி ஒரு மழைக்காலத்தில் ஈரமாகிவிடும், சிகரெட் துண்டும் காகிதமும் விழும். ஈர மணலைச் சோடியத்தின் மேல் கொட்டினால் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். கார்பன் டை ஆக்சைடும் அங்கே ஆகாது.

இளநிலை லேபில் லாசைன் சோதனை (சோடியத்தோடு உருக்கிக் கரிமச் சேர்மத்தில் உள்ள தனிமங்களைக் கண்டறிவது) நடக்கும் வாரங்கள்தான் கவனிக்க வேண்டியவை. பட்டாணி அளவு சோடியம் வெட்டுவார்கள், மீதித் துணுக்குகள் ஃபில்டர் பேப்பரில் ஒட்டியிருக்கும். அந்தப் பேப்பரைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் தூய்மைப் பணியாளர் ஈரத் துணியையும் அதே தொட்டியில் போடுவார். தீப்பிடிப்பது அப்போதுதான், லேபில் யாரும் இருக்க மாட்டார்கள். வெட்டிய மேஜையிலேயே ஒரு பீக்கரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்து, துணுக்கும் பேப்பரும் அதில்தான் போக வேண்டும், ஒவ்வொன்றாக, பக்கத்தில் பர்னர் இல்லாமல். குமிழ் நின்ற பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். இதை லேப் அசிஸ்டன்ட்டுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட முக்கியம், தூய்மைப் பணியாளருக்கு "இந்த லேபின் தொட்டியை நீங்கள் தொட வேண்டாம், லேப் ஆள் காலி செய்து தருவார்" என்று சொல்வது.

இரண்டாவது, கழிவு பாட்டில். நைட்ரிக் அமிலக் கழிவும் அசிட்டோன், ஆல்கஹால் கழிவும் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் உடனே ஒன்றும் தெரியாது. மூடி இறுக்கி வைத்து அரை மணி, ஒரு மணி கழித்து அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லும் அமிலமும் முகத்துக்கு வரும். நைட்ரிக் கழிவுக்குத் தனி பாட்டில், காற்றுப் போக்கி உள்ள மூடி. சிந்தினால் மரத்தூள் போடாதீர்கள், நைட்ரிக் மரத்தூளையே பற்ற வைக்கும். பழுப்பு நிறப் புகை வந்தால் அறையைக் காலி செய்துவிட வேண்டும். அதைச் சுவாசித்தவர் அப்போது நன்றாகத்தான் இருப்பார், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்து. அதனால் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

கண் கழுவும் குழாய்: அமிலமோ காரமோ பட்டால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், எல்லாரும் இரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒருவர் இமைகளைப் பிரித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் நேரம் பார்க்க வேண்டும். குழாய் 10 வினாடி நடையில் இருக்க வேண்டும், நடுவில் கதவோ ஸ்டூலோ கூடாது. வாரம் ஒரு முறை திறந்துவிடாவிட்டால் முதலில் வருவது துருத் தண்ணீர்தான். நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. கண் கழுவ 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இந்த இணைப்பை நிழலில் உள்ள தொட்டியிலிருந்து எடுங்கள், வெயில் படும் குழாய்க்கு உறை போடுங்கள்.

உடம்பில் பட்டால் துணியைக் கழற்றிக்கொண்டே கழுவ வேண்டும். துப்பட்டாவும் சாக்ஸும்தான் அமிலத்தைப் பிடித்து வைக்கும். கூச்சம் பார்க்கும் இடம் அது, அதனால் ஷவர் பக்கத்தில் ஒரு திரையும் இரண்டு பெரிய துண்டும் வையுங்கள். அமிலத்துக்குச் சோடா மாவைத் தோலில் போடக்கூடாது, அந்த வினையே சூட்டைக் கிளப்பும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உள்ள லேபில் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாவிட்டால் அந்த பாட்டிலைத் திறக்கவே அனுமதிக்காதீர்கள். நீர்த்த அமிலம் பட்டால் வலி உடனே தெரியாது. வலி தெரியும்போது அது எலும்பு வரை போயிருக்கும்.

ஒர்க்‌ஷாப்:
குடுவை மேடம் அருமையா எழுதியிருக்காங்க. ஒரு கேள்வி. எல்லா ஊழியருக்கும் தீயணைப்பானைக் கையாளக் கத்துக் கொடுக்கணுமா? கத்துக்கிட்டவங்க ஓடாம நின்னு அணைக்கப் பார்த்துச் சிக்கிக்கிற அபாயம் இருக்கே. "கேட்டதும் வெளியே போ" மட்டும் சொல்லிக் கொடுத்தா என்ன?

சாவிக்கொத்து:
ஒர்க்‌ஷாப் சார், சந்தேகம் நியாயமானது. ஆனா குப்பைக்கூடை அளவு தீயை யாரும் தொடாம விட்டா அஞ்சு நிமிஷத்துல அறை முழுக்க ஆயிடும். கத்துக் கொடுக்கணும், கூடவே மூணு எல்லையையும் சொல்லணும். தீ குப்பைக்கூடையைவிடச் சின்னதா இருக்கணும். வாசல் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். ஒரே ஒரு சிலிண்டர்தான், அது தீர்ந்தா கதவைச் சாத்திட்டு வெளியே வந்துடணும், ரெண்டாவதைத் தேடிப் போகக்கூடாது. 6 கிலோ சிலிண்டர் இருபது வினாடிக்குள்ள காலியாயிடும். இந்த ஒண்ணை நேர்ல பார்த்தவங்களுக்குத் தைரியம் அளவோடதான் இருக்கும். அதனால பயிற்சியில ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது பின்னை இழுத்து, அடியைக் குறிவச்சு அடிச்சுப் பார்க்கணும். ரீஃபில் தேதி வர்ற சிலிண்டர்களை அதுக்கு எடுத்துக்கிட்டா செலவும் இல்லை.

இன்னொண்ணு. சிலிண்டர்ல அழுத்தம் காட்டுற கேஜ் முள் பச்சையில இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க. பவுடர் அடியில இறுகிப் போயிருந்தாலும் முள் பச்சையிலதான் நிக்கும். மாசம் ஒரு தடவை தலைகீழாக் கவிழ்த்துக் குலுக்குங்க, உள்ளே பொடி நகர்றது கையில தெரியும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல கேஜே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்கணும், வாயு எடை பத்து சதவீதம் குறைஞ்சிருந்தா ரீஃபில். அதை அடிக்கும்போது கூம்பு மாதிரி இருக்கிற ஹார்னைக் கையால பிடிக்கக்கூடாது, தோல் உறைஞ்சு ஒட்டிக்கும்.

பேனல்போர்டு:
கதவைச் சாத்துவது பற்றி ஒரு வரி: பூட்டாமல் சாத்த வேண்டும். தீயணைப்பு வீரர் உடைத்துத் திறக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

வெள்ளைக்கோட்டு:
மருத்துவப் பக்கம். வளாகத்தில் தீயைவிட அடிக்கடி நடப்பது ஆள் மயங்கி விழுவதுதான். அங்கே முதலில் கைவிட வேண்டியவை சில பழக்கங்கள். மயங்கியவர் வாயில் சோடா, தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். வலிப்பு வந்தவர் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, இறுக்கிப் பிடிப்பதால் தோள் மூட்டு நழுவும். சுற்றி இருக்கும் நாற்காலிகளை நகர்த்துங்கள், தலைக்கடியில் மடித்த துணி, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். "இயல்பாக" என்ற சொல்லை அழுத்தியே சொல்லிக் கொடுங்கள். இதயம் நின்றவர் ஒன்றிரண்டு நிமிடம் மீன் வாய் திறப்பது போல விட்டு விட்டு மூச்சு இழுப்பார். அதைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று எல்லாரும் காத்திருப்பார்கள். அது மூச்சு அல்ல. நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஆள் மாற வேண்டும், சோர்ந்த கை ஆழமாக அழுத்தாது. கட்டிலிலோ மெத்தையிலோ செய்யாதீர்கள், தரையில் இறக்குங்கள். மின்சாரம் தாக்கியவர் என்றால் எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஏ.இ.டி. (நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வாங்கினால் சுகாதார நிலையத்தில் வைக்காதீர்கள், அது ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். 24 மணி நேரமும் ஆள் இருக்கும் மெயின் கேட்டில் ஒன்று, நூலகத்தில் ஒன்று. ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பேட்களுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு.

பாம்பு: புதர் உள்ள வளாகம் என்றால் தவிர்க்க முடியாது. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்ச் கழற்றிவிடுங்கள், வீங்கினால் அது வெட்டும். கடிபட்ட காலை அசைக்காமல் கட்டையோடு கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். விடுதி வார்டனுக்குக் கட்டுவிரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி தரையில் தூங்குபவரைக் கடிக்கும், வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியற்காலை வயிற்று வலி, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது என்று வந்தால் "ராத்திரி மெஸ் சாப்பாடு" என்று விட்டுவிடக்கூடாது. விஷமுறிவு மருந்தும் வெண்டிலேட்டரும் சேர்ந்தே உள்ள மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள கிளினிக்கில் நிறுத்தி இழக்கும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம். பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம்.

தாழ்வாரம்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. வெளியேறிய பிறகு ஆள் எண்ணுவது பற்றிக் குழப்பம் இருக்கிறது. மூவாயிரம் மாணவர்களை மைதானத்தில் எப்படி எண்ணுவது? யார் லீவு, யார் கேண்டீன் என்று யாருக்கும் தெரியாதே.

ஒர்க்‌ஷாப்:
எண்ண முடியாதுங்க. அதுக்குப் பதிலா அறையைச் சரி பாருங்க. ஒவ்வொரு தளத்துக்கும் ரெண்டு ஆள், படியை விட்டுத் தள்ளி இருக்கிற கோடியில ஆரம்பிச்சுப் படியை நோக்கி வரணும். அறைக்குள்ள போய்க் குரல் கொடுத்து, கழிவறையும் ஸ்டோர் ரூமும் பார்த்து, கதவைச் சாத்திட்டுச் சாக்பீஸால கதவுல ஒரு பெருக்கல் குறி. கீழே வந்து பொறுப்பாளர்கிட்டச் சொல்ல வேண்டியது "மூணாவது தளம் காலி" இல்லேன்னா "312 பார்க்கலை, புகை". தீயணைப்பு அதிகாரி வந்ததும் கேக்குறதும் இதைத்தான்: உள்ளே யார், எங்கே. புகை இருக்கிற பக்கம் பார்க்கப் போகக்கூடாதுங்கிறதையும் கண்டிப்பாச் சொல்லுங்க.

வெள்ளைக்கோட்டு:
வகுப்புகளுக்கு ஒர்க்‌ஷாப் சொல்வது சரி. விடுதிக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி விடுதியில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு இருக்கிறது, அங்கே பெயர் சொல்லியே எண்ண வேண்டும். பத்து மணி வருகைப் பதிவின் நகல் ஒன்று வாட்ச்மேன் கூண்டில் இருக்கட்டும், வார்டன் அறைக்குள் அல்ல. சக்கர நாற்காலியில் இருப்பவர், காலில் கட்டுப் போட்டவர் இவர்களை எந்த இரண்டு பேர் இறக்குவது என்று பெயரோடு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தீயின்போது லிஃப்டில் இறங்கக்கூடாது அல்லவா.

ஒர்க்‌ஷாப்:
ஆமா, விடுதிக்கு அதுதான் சரி. ஒத்துக்கிறேன்.

பேனல்போர்டு:
மழை பற்றி யாரும் எழுதவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம். சென்னைப் பக்கத்து வளாகம் என்றால் இதுதான் கட்டாயம் வரப்போகிற அவசர நிலை, அதுவும் தேதி சொல்லிவிட்டு வருவது.

பேஸ்மென்டில் பேனல் போர்டு, ஜெனரேட்டர், ஃபயர் பம்ப் மூன்றும் இருந்தால் தண்ணீர் ஏறிய முதல் மணி நேரத்தில் மூன்றும் போய்விடும். சுவரில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள், பேனலின் கீழ்விளிம்புக்கு ஓர் அடி கீழே. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்காமல் மெயினை அணைக்க டூட்டி எலக்ட்ரீஷியனுக்கு எழுத்தில் அதிகாரம் இருக்க வேண்டும். ரிஜிஸ்ட்ராரைப் போனில் பிடிக்கும் வரை காத்திருந்தால் நனைந்த பேனல் முன்னால் நிற்க வேண்டிவரும். வடிந்த பிறகு காய வைத்து, மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) போட்டுப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் குறைவாக இருந்தால் ஆன் செய்யக்கூடாது.

டீசல்: 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் செட் முக்கால் சுமையில் மணிக்கு சுமார் 20 லிட்டர் குடிக்கும். ஒரு நாளுக்கு 480 லிட்டர். அதனால் எதற்கெல்லாம் ஜெனரேட்டர் என்று இப்போதே வெட்டிவிடுங்கள்: விடுதித் தண்ணீர் மோட்டார், சுகாதார நிலையம், மைனஸ் 80 ஃப்ரீசர்கள். ஏ.சி. வேண்டாம். ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் பல மணி நேரம் தாங்கும், திறந்து திறந்து பார்ப்பதில்தான் கெடும்.

மெஸ்ஸில் கேஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும், ஹோஸைப் பிய்த்துக்கொண்டு போகும். புயல் எச்சரிக்கை வந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றி, சங்கிலி போட்டுக் கட்டுங்கள். கசிவு வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையோடு தேங்கும், கதவுகளைத் திறந்து வெளியே வந்து கேஸ் கசிவுக்கான 1906-ஐக் கூப்பிடுங்கள்.

குடுவை:
வெள்ளத்தில் ஒரு முரண்பாடு உண்டு. அமில பாட்டில்கள் கீழ்த் தட்டில் இருக்க வேண்டும் என்பது நல்ல விதி, விழுந்தாலும் முகத்துக்கு வராது. தரைத்தள ஸ்டோரில் வெள்ளம் முதலில் எடுப்பதும் அவற்றைத்தான். எச்சரிக்கை வந்த அன்றே சோடியம், கால்சியம் கார்பைடு முதலில் மாடிக்கு, அடுத்து அமிலங்கள். திரவ நைட்ரஜன் குடுவையை லிஃப்டில் ஏற்றினால் கூட ஆள் போகக்கூடாது. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு, அந்தப் பெட்டிக்குள் மூச்சு விட ஆக்ஸிஜன் மிஞ்சாது.

தாழ்வாரம்:
கடைசியாக ஒன்று. செக்யூரிட்டி, தூய்மைப் பணி இரண்டும் ஒப்பந்த ஆட்கள். சில மாதத்தில் முகம் மாறிவிடுகிறது. வருடம் ஒரு பயிற்சி அவர்களுக்கு எப்படிப் போதும்?

சாவிக்கொத்து:
போதாது. புது ஆள் டூட்டியில நிக்கிற முதல் நாளே இருபது நிமிஷம் ஒதுக்கி, எழுதிக் கொடுக்காம நடத்திக் காட்டுங்க: ரெண்டு படி, சாவிப் பெட்டி, பக்கத்துத் தீயணைப்பான், மெயின் சுவிட்ச். ஒப்பந்தத்துலயே அந்த இருபது நிமிஷத்துக்குச் சம்பளம் உண்டுன்னு எழுதிடுங்க. இல்லேன்னா கான்ட்ராக்டர் அனுப்ப மாட்டார்.

டிரில் நடத்தும்போது ஒரு படியை வேணும்னே நாற்காலி போட்டு மறிச்சு, "இங்கே புகை"ன்னு அட்டை மாட்டுங்க. எல்லாரும் தினமும் வர்ற வழியிலதான் வந்து நிப்பாங்க. ரெண்டாவது படி எங்கே இருக்குன்னு அப்போதான் தேடுவாங்க. விடுதியில ராத்திரி ஒரு தடவையாவது நடத்தணும். தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க, கேட்டுக்கிட்டா அவங்களே வந்து பாதையையும் பார்த்துட்டுப் போவாங்க. மைக் செட் கரண்ட் போனா வேலை செய்யாது, தளத்துக்கு ஒரு விசிலும் பேட்டரி மெகாஃபோனும் வாங்கிடுங்க.

ஒவ்வொரு போன் பக்கத்துலயும் ஒட்ட ஒரு அட்டை, தமிழ்ல, பெரிய எழுத்துல:

தீ 101. ஆம்புலன்ஸ் 108. எதுவானாலும் 112.
சொல்ல வேண்டியது: எந்தக் கேட். எந்தக் கட்டடம், எந்த மாடி. எது எரியுது அல்லது யாருக்கு என்ன. உள்ளே ஆள் இருக்காங்களா. என் நம்பர் இது.
அவங்க வைக்கச் சொல்ற வரைக்கும் போனை வைக்கக்கூடாது.
வச்சதும் மெயின் கேட் செக்யூரிட்டிக்குச் சொல்லு. ஒரு ஆள் டார்ச்சோட ரோட்டு முனையில போய் நிக்கணும்.

எந்தக் கேட்டுங்கிறதை முதல் வரியா வச்சது காரணத்தோடதான். மூணு கேட் இருக்கிற வளாகத்துல ராத்திரி ரெண்டு பூட்டியிருக்கும், வண்டி மேப்பைப் பார்த்துப் பின் கேட்டுல வந்து நிக்கும்.

தாழ்வாரம்:
இன்று சாயங்காலமே டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். ஆர்ச் உயரத்தையும், எந்தெந்தப் படி பூட்டியிருக்கிறது என்பதையும் நாளைக்கு இங்கேயே பதிவிடுகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.